தோற்பதைத் தாங்கிக்கொள்ளலாம், ஓடாமல் நிற்பதை எப்படித் தாங்குவது? (லேக்கர்ஸ், 2021-22 பருவம்)

ஊதாமஞ்சள் | 16 ஜனவரி 2022

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் டென்வர் நகெட்ஸ் அணியிடம் லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் 133-96 என்று தோற்ற ஆட்டத்தை இன்று காலை கடைசி விநாடி வரை பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். முழு ஊரடங்கு என்பதால் காணும் பொங்கலுக்கு எங்கும் போக வழியில்லை. நானும், பள்ளிக் கூடைப்பந்து அணியில் ஆடும் என் மகனும் இட்லித் தட்டுடன் தொலைக்காட்சி முன்னால் அமர்ந்துவிட்டோம். மூன்றாவது கால் பகுதியில், லேக்கர்ஸ் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் தெறித்து எதிரணியின் கைக்குப் போனதும், அவன் என் பக்கம் திரும்பி, "அப்பா, இவங்க ஏன் நடந்து வர்றாங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

தோல்வி எனக்குப் புதிதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷகீல் ஓ'நீலும் கோபி பிரையன்ட்டும் 2000 முதல் 2002 வரை தொடர்ந்து மூன்று கோப்பைகளை வென்ற காலத்தில் இந்த அணியின் மீது ஏற்பட்ட பற்று, 2008 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டன் செல்டிக்ஸ் எங்களை 131-92 என்று புரட்டியெடுத்தபோதும் குறையவில்லை. 2015-16 பருவத்தில் 17 வெற்றி, 65 தோல்வி என்று அணி தன் வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்த நிலைக்குப் போனது. அப்போதும் ஆட்டங்களைத் தவறவிடாமல் பார்த்தேன். அந்தப் பருவத்தின் கடைசி இரவில்தான், விடைபெறும் ஆட்டத்தில், 37 வயதில், கால்கள் ஒத்துழைக்காத நிலையிலும் கோபி யூட்டா அணிக்கு எதிராக 60 புள்ளிகள் எடுத்தார். அன்று அணி எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

இந்தப் பருவத்தில் நடப்பது வேறு. அக்டோபர் 27 அன்று ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிராக 26 புள்ளிகள் முன்னிலையில் இருந்துவிட்டு 123-115 என்று தோற்றோம். எட்டு நாட்கள் கழித்து, அதே இளம் அணியிடம், இம்முறை சொந்த மைதானத்தில், 19 புள்ளிகள் முன்னிலையை இழந்து மறுபடியும் தோற்றோம். ஒரு முறை நடந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். சென்ற வாரம் மெம்பிஸ் அணியின் ஜா மொரான்ட், தனியாக வளையத்தை நோக்கிப் போன ஏவரி பிராட்லியைப் பின்னாலிருந்து துரத்தி வந்து, பலகையின் உயரத்துக்கு எழும்பி, இரண்டு கைகளாலும் பந்தைப் பிடித்துப் பறித்ததைப் பார்த்திருப்பீர்கள். அவர் துரத்தாமல் விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் கால் பகுதியில் போகிற இரண்டு புள்ளிகள்தானே. ஆனாலும் துரத்தினார். அந்தத் துரத்தலை நான் எங்கள் பக்கம் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

டென்வரின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஜமால் மரேயும் இல்லை, மைக்கேல் போர்ட்டர் ஜூனியரும் இல்லை. புதுமுகமான போன்ஸ் ஹைலண்ட் 27 புள்ளிகள் எடுத்தார். தோற்கடிக்கப்படுவதை ரசிகர்களாகிய நாம் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் முயற்சியின்மையையும் அவசர உணர்வே இல்லாத ஆட்டத்தையும் ஏற்கத் தேவையில்லை என்ற பொருளில் மேஜிக் ஜான்சனே ட்விட்டரில் எழுதியிருக்கிறார். இந்த அணிக்காக ஐந்து கோப்பைகளை வென்றவர் இப்படி எழுத வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை.

ஆட்டத்தை என்னைவிட நன்றாக அறிந்தவர்களிடம் கேட்கிறேன்: இதை முயற்சியின்மை என்று சொல்வது நியாயமா, அல்லது வயதையும் குழப்பத்தையும் நான் சோம்பல் என்று தவறாகப் படிக்கிறேனா? என் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

எண்களின் நண்பன் | 16 ஜனவரி 2022

உங்கள் வருத்தம் புரிகிறது, நண்பரே. ஆனால் இதைச் சோம்பல் என்ற ஒரே சொல்லில் அடக்குவது ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். இந்த நிலை கடந்த கோடையிலேயே எழுதிவைக்கப்பட்டுவிட்டது.

2020-21 பருவத்தில் தற்காப்பில் லீக்கிலேயே முதலிடத்தில் இருந்த அணி இது. அந்தத் தற்காப்பின் வெளிவட்டத்தைத் தாங்கியவர்கள் யார்? கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், அலெக்ஸ் கரூசோ, கைல் குஸ்மா. ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைப் பெறுவதற்காக குஸ்மா, கால்ட்வெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரெல் ஆகிய மூவரையும் புதுமுக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் சுற்றுத் தேர்வு உரிமையையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தார்கள். வெஸ்ட்புரூக்குக்கு இந்தப் பருவத்தில் ஊதியம் 44 மில்லியன் டாலர். அதன் பிறகு, நான்கு ஆண்டுகளுக்கு 37 மில்லியன் என்று சிகாகோ கேட்டதும் கரூசோவையும் போக விட்டார்கள். ஆண்டுக்கு ஒன்பது மில்லியனுக்குச் சற்று மேல். எந்த அணியும் தேர்வு செய்யாத நிலையிலிருந்து வந்து, ஒவ்வொரு இரவும் தரையில் விழுந்து பந்தைப் பிடித்த ஒருவருக்கு அந்தத் தொகையைத் தர லேக்கர்ஸ் முன்வரவில்லை. இந்த ஒரு முடிவைத்தான் நான் இன்னமும் மன்னிக்கவில்லை.

அவர்களுக்குப் பதிலாக வந்தவர்களின் வயதைப் பாருங்கள். கார்மெலோ ஆன்டனிக்கு 37. டுவைட் ஹோவர்டுக்கும் ட்ரெவர் அரிசாவுக்கும் 36. லெப்ரான் ஜேம்ஸ் டிசம்பர் 30 அன்று 37 வயதை நிறைவு செய்தார். லீக்கிலேயே வயது மிகுந்த அணி இதுதான். பந்து கைமாறியதும் களத்தின் மறுமுனைக்கு ஓடுவது என்பது 23 வயதுக்காரருக்கு இயல்பாக வருவது. 36 வயதுக்காரருக்கு அது ஒவ்வொரு முறையும் எடுத்தாக வேண்டிய ஒரு முடிவு.

இன்னொன்று: ஆன்டனி டேவிஸ் டிசம்பர் 17 முதல் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. வளையத்தைக் காக்க அவர் பின்னால் நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் முன்வரிசைக் காவலர்கள் எதிராளியை நெருங்கி அழுத்த முடியும். அந்தத் தைரியம் போனதும் எல்லோரும் ஓர் அடி பின்வாங்குகிறார்கள். தொலைக்காட்சியில் அது அலட்சியம் போலத் தெரிகிறது. உங்கள் மகனிடம், அவர்கள் நடக்கவில்லை, அவர்களால் இயன்ற வேகம் அதுதான் என்று சொல்லுங்கள்.

பழைய பாயின்ட் கார்டு | 17 ஜனவரி 2022

கல்லூரி அணியில் நான்கு ஆண்டுகள் ஆடியவன். இப்போது காலை வேளைகளில் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். மேலே நண்பர் சொன்னவற்றில் பெரும்பகுதி சரி. ஆனால் அவருடைய கடைசி வாக்கியத்தை அந்தச் சிறுவனிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் கண்ணால் கண்டதைப் பொய்யாக்கக் கூடாது.

இயலாமையையும் விருப்பமின்மையையும் பிரித்தறிய எங்கள் பயிற்சியாளர் ஒரு வழி வைத்திருந்தார். பந்து வளையத்தில் படும் கணத்தில் விசில் ஊதி எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்வார். யார் எங்கே நிற்கிறார், யாருடைய உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொருவராகக் காட்டுவார். பிறகு ஆட்டத்தைத் தொடரவிட்டு, பந்து கைமாறியவுடன் ஒவ்வொருவரும் எடுத்துவைக்கும் முதல் மூன்று அடிகளை மட்டும் கவனிப்பார். முதல் மூன்று அடிகளைப் பாய்ந்து எடுத்துவிட்டு நடுக்கோட்டில் தளர்ந்து போனவனை அவர் ஒருபோதும் திட்டியதில்லை. அவனுக்குக் களைப்பு, மாற்றாள் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். முதல் மூன்று அடிகளையே நடந்து எடுத்துவைத்தவனைத்தான் ஓரமாக அழைத்துப் பேசுவார். அந்த மூன்று அடிகளுக்கு வயது தடையல்ல, ஏனென்றால் அவை மனத்திலிருந்து வருபவை. டென்வர் ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியை நேற்று இரவு மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன். நடந்த கால்கள் பல இருந்தன. நடுவரிடம் முறையிட்டுக்கொண்டே பின்தங்கியவர்களையும் பார்த்தேன்.

ஆனால் சோம்பல் போலத் தெரியும் எல்லாமே சோம்பல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தற்காப்பில் ஓர் ஆட்டக்காரர் தன் ஆளை விட்டுவிட்டு உதவிக்கு ஓடுகிறார் என்றால், தான் விட்டுவந்த ஆளை வேறொருவர் எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறார். அந்த நம்பிக்கை இல்லாதபோது இங்கும் போகாமல் அங்கும் நிற்காமல் பாதி வழியில் தயங்கி நிற்பார். அதற்குள் மூலையில் நிற்பவர் மூன்று புள்ளி எறிந்து முடித்துவிடுவார். இந்த அணியில் சென்ற பருவத்திலிருந்து தொடர்ந்து இருப்பவர்கள் லெப்ரான், டேவிஸ், டேலன் ஹார்ட்டன்-டக்கர் ஆகிய மூவர் மட்டுமே. காயங்களாலும் தொற்றுக் கட்டுப்பாடுகளாலும் தொடக்க ஐவர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன செய்வார் என்று தெரியாதவர்களின் அரை அடித் தயக்கம் அது. அதைப் பயிற்சியால் சரிசெய்யலாம்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று: அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. நல்ல தற்காப்பு சத்தமாக இருக்கும். திரை போடப்படுகிறது (எதிராளி வழிமறித்து நிற்கிறார்), ஆள் மாற்று, நான் பின்னால் இருக்கிறேன் என்று ஐந்து பேரும் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். பேசுவதற்கு முழங்கால் வேண்டியதில்லை. 37 வயதில் கால் பின்தங்கலாம், குரல் ஏன் பின்தங்க வேண்டும்? வளையத்தில் பட்டுத் தெறிக்கும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டிலும் இதே கதைதான். எறியப்பட்ட பந்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் எதிராளியின் மீது முதுகை வைத்து அவரைத் தள்ளி நிறுத்த வேண்டும். என்னிடம் வரும் பத்து வயதுப் பிள்ளைகளுக்குக்கூட அதைச் சொல்லித் தருகிறேன். பந்தையே பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு உயரம் மட்டும் உதவாது.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே ஓர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடங்கள் அவரை மட்டும் பார்க்கட்டும். ஆஸ்டின் ரீவ்ஸ் அல்லது ஸ்டான்லி ஜான்சன் என்றால் நல்லது. ரீவ்ஸ் யாராலும் தேர்வு செய்யப்படாமல் வந்த புதுமுகம். ஜான்சன் கிறிஸ்துமஸ் நேரத்தில் பத்து நாள் ஒப்பந்தத்தில் வந்தவர். முதல் மூன்று அடிகளை அவன் தானே எண்ணட்டும்.

கிழக்கு வாசல் | 18 ஜனவரி 2022

லெப்ரானுக்காகவே இந்த அணியைப் பார்க்கத் தொடங்கியவள் நான், ஆகவே என் பார்வை சற்று வேறாக இருக்கலாம். 19ஆவது பருவத்தில் ஆடுகிறார், டேவிஸ் இல்லாததால் வளையத்தருகே ஆடும் சென்டர் இடத்திலும் நிற்கிறார், அணியிலேயே அதிகப் புள்ளிகளையும் எடுக்கிறார். தோல்விக்குப் பிறகு ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, இனி நன்றாக ஆடுவோம் என்று உறுதியளித்ததும் அவர்தான். ஒவ்வொரு முறையும் அவர் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் உடலைக் காத்துக்கொள்வதும் ஒரு பொறுப்பு. 2020 அக்டோபரில் கோப்பையை வென்ற இந்த அணிக்கு அடுத்த பருவம் தொடங்கும் முன் கிடைத்த ஓய்வு இரண்டரை மாதத்துக்கும் குறைவு. அதன் பாக்கியை அவர்கள் உடல்கள் இன்னும் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றே நம்புகிறேன்.

ஆனாலும் இன்று காலை யூட்டாவை 101-95 என்று வென்றதைப் பார்த்தபோது என் வாதம் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. ரூடி கோபேரின் தலைக்கு மேல் வெஸ்ட்புரூக் பாய்ந்து பந்தைச் செருகியபோது என் வீட்டில் எல்லோரும் விழித்துக்கொண்டார்கள். நான் அப்படிக் கத்தினேன். பந்து கையில் இருக்கும்போது அவரைப் போல உயிரைக் கொடுத்து ஆடுபவர் லீக்கில் சிலரே. அதே மனிதர், பந்து மறுபக்கம் இருக்கும்போது தன் ஆளை மறந்து நின்றுவிடுவதுதான் புரியாத புதிர்.

எண்களின் நண்பன் | 18 ஜனவரி 2022

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். யூட்டா ஆட்டம் என் வாதத்தில் பாதியை உடைத்துவிட்டது. இரண்டு நாட்களில் யாருக்கும் வயது குறையவில்லை, டேவிஸும் திரும்பவில்லை, கரூசோவும் சிகாகோவிலேயே இருக்கிறார். ஆனாலும் லீக்கின் மிகச் சிறந்த தாக்குதல் அணிகளில் ஒன்றை நூறு புள்ளிகளுக்குக் கீழே நிறுத்தினார்கள். அப்படியானால் டென்வரில் அது ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானதுதான். அணியைக் கட்டிய விதம்தான் மூலக் காரணம் என்பதில் மாற்றமில்லை. அது மட்டுமே காரணம் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஊதாமஞ்சள் | 20 ஜனவரி 2022

அனைவருக்கும் நன்றி. யூட்டா ஆட்டத்தில் என் மகன் ரீவ்ஸை மட்டும் பார்த்தான். தன் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், ஓடியதற்கு ஒரு கோடு, நடந்ததற்கு ஒரு வட்டம் என்று போட்டுக்கொண்டே வந்தான். ஐந்து நிமிடங்களில் வட்டம் ஒன்றுகூட இல்லை. அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தால், ரீவ்ஸுக்குப் பயிற்சி கொடுத்ததே அவன்தான் போலிருந்தது.

ஆனால் இன்று காலை, இந்தப் பருவத்தில் தோல்விகளே மிகுந்திருக்கும் இந்தியானா பேசர்ஸிடம், சொந்த மைதானத்தில், 111-104 என்று தோற்றோம். ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிடங்கள் அளவுக்கு வெஸ்ட்புரூக்கை வெளியே உட்கார வைத்தார் பயிற்சியாளர் ஃபிராங்க் வோகல். மன்னிப்புக் கேட்ட பிறகு ஓர் ஆட்டம் உயிரோடு ஆடினார்கள். அடுத்த ஆட்டத்திலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். சகோதரி சொன்ன ஓய்வு வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் உடலைக் காத்துக்கொள்ளும் அணி, முன்னிலையில் இருக்கும்போது காத்துக்கொள்ளும். 22 வெற்றியும் 23 தோல்வியுமாக இருக்கும் அணி எதைச் சேமித்துவைக்கிறது, எந்த நாளுக்காகச் சேமித்துவைக்கிறது?

பழைய பாயின்ட் கார்டு | 21 ஜனவரி 2022

பெரிய அணிக்கு எதிராக எழுந்து ஆடுவது எளிது; அரங்கமே தூக்கிவிடும். புதன்கிழமை இரவு சாதாரண அணிக்கு எதிராக முதல் மூன்று அடிகளை ஓடுவதுதான் கடினம். அது பழக்கத்தால் வருவது, பழக்கம் அக்டோபரில் தொடங்க வேண்டியது. 26 புள்ளிகள் முன்னிலையைக் கைவிட்ட அந்தத் தொடக்க நாட்களிலேயே இது கண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஜனவரியில் பழக்கத்தை மாற்றுவது, ஓடும் பேருந்தில் சக்கரத்தை மாற்றுவது போன்றது. மகன் குறிப்பேட்டைத் தொடரட்டும்.

ஊதாமஞ்சள் | 12 ஏப்ரல் 2022

இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் பருவம் முடிந்தபின் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நடந்தது எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரி இறுதியில் நியூ ஆர்லியன்ஸிடம் 123-95 என்று தோற்றபோது சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு அணியை ஏளனம் செய்தார்கள். மார்ச் 5 அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக லெப்ரான் 56 புள்ளிகள் எடுத்து வெற்றி தேடித் தந்தார். அதுவும் ஓர் இரவோடு நின்றுவிட்டது. மார்ச் இறுதியில் அதே நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 23 புள்ளிகள் முன்னிலையை இழந்து தோற்றோம். ஏப்ரல் 5 அன்று ஃபீனிக்ஸில் 121-110 என்று தோற்றதோடு, பத்தாம் இடம் பிடித்தாலே நுழைந்துவிடக்கூடிய, கோப்பைச் சுற்றுக்கான தகுதி ஆட்டங்களான பிளே-இன் சுற்று வாய்ப்பும் போயிற்று. 33 வெற்றி, 49 தோல்வி, மேற்குப் பிரிவில் பதினொன்றாம் இடம். முந்தைய பருவத்தில் முதலிடத்தில் இருந்த தற்காப்பு 21ஆம் இடத்துக்குச் சரிந்தது. டேவிஸ் 40 ஆட்டங்களிலும் லெப்ரான் 56 ஆட்டங்களிலும் மட்டுமே ஆட முடிந்தது என்பதை எண்களின் நண்பன் நினைவூட்டுவார். அவர் சொல்வது சரிதான். நேற்று வோகலைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். கரூசோவைப் போக விட்டது அவர் அல்ல. கால்ட்வெல்-போப் இல்லாத அணிக்குத் தற்காப்பு கற்றுக்கொடுக்கச் சொல்லிவிட்டு, வரவில்லை என்றதும் அவரை அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது ஞாயிற்றுக்கிழமை நடந்த கடைசி ஆட்டத்தைப் பற்றி. ஜனவரியில் 37 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற அதே டென்வர் மைதானம். லெப்ரானோ டேவிஸோ வெஸ்ட்புரூக்கோ ஆடவில்லை. வென்றாலும் தோற்றாலும் லேக்கர்ஸுக்கு எதுவும் மாறப்போவதில்லை. கூடுதல் நேரம் வரை சென்ற அந்த ஆட்டத்தை 146-141 என்று வென்றார்கள். மலிக் மங்க் 41 புள்ளிகள் எடுத்தார். ரீவ்ஸ் 31 புள்ளிகள், 16 ரீபவுண்டுகள், 10 உதவிகள் (சக ஆட்டக்காரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகள்). பெரும்பாலும் வளையத்திலிருந்து தள்ளி ஆடும், ஆறடி ஐந்து அங்குல உயரமுள்ள ஒரு கார்டு, கணக்கில் எதையும் மாற்றாத ஓர் ஆட்டத்தில், 16 முறை பந்துக்காகப் பெரிய உடல்களுக்கு நடுவே புகுந்திருக்கிறார்.

எண்ணிக்கையை மட்டும் கேட்டு மகனுக்கு நிறைவு வரவில்லை. ஆட்டத்தின் பதிவை நேற்று மாலை மறுபடியும் ஓடவிட்டு, அந்தப் பதினாறையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ரீவ்ஸின் முதுகு யார் மீது இருந்தது என்று குறித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை ஒன்பது முடித்திருக்கிறான். நான்காவது ரீபவுண்டில் அவர் எதிராளியை முறையாகத் தடுத்து நிறுத்தினாரா, அல்லது பந்து தானாக அவர் பக்கம் வந்துவிட்டதா என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு. பழைய பாயின்ட் கார்டு ஐயா, உங்களுக்கு நேரம் இருந்தால் அந்த இடத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் அவன் ஏற்றுக்கொள்வானாம்.